குரலை நம்பிக் கொடுத்த பணம்

"ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சந்திப்போம்." அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரைச் சுற்றியுள்ள கிறிஸ்தவ வானொலிகளில் வில்லியம் நீல் கலகர் தன் பண ஆலோசனை நிகழ்ச்சியை இப்படிச் சொல்லித்தான் முடிப்பார். 'பண டாக்டர்' என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். இயேசுவையும் பணத்தையும் தலைப்பிலேயே சேர்த்து ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். உழைத்து ஓய்ந்தவர்கள் தங்கள் சேமிப்பைப் பயமில்லாமல் எங்கே போடலாம் என்பதே அவருடைய பேச்சு. ஆண்டுக்கு 5 முதல் 8 வீதம் வருமானம், முதலுக்கு ஆபத்தில்லை என்பது அவர் கொடுத்த வாக்கு. 2019 மார்ச்சில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அவர்மீது நீதிமன்றத்துக்குப் போனபோது உள்ளே இருந்தது வெளியே வந்தது. சுமார் 60 முதியவர்களிடமிருந்து ஒரு கோடியே 96 இலட்சம் டொலர் வாங்கியிருந்தார். புதிதாக வந்தவரின் பணம்தான் பழையவருக்கு வருமானமாகப் போய்க்கொண்டிருந்தது. 2020இல் 25 ஆண்டுச் சிறை. 2021 நவம்பரில் இன்னொரு நீதிமன்றம் மூன்று ஆயுள் தண்டனை விதித்தது. அப்போது அவருக்கு வயது 80.

அந்த விடைபெறும் வாக்கியத்தைப் பேசாலையிலோ வங்காலையிலோ வைத்துப் பார்த்தால் அதன் பலம் விளங்கும். மன்னார்க் கரையின் கத்தோலிக்க ஊர்களில் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்கிறார்கள். ஞாயிறு பூசைக்கு வந்து முழந்தாளிடுகிற மனிதர் திங்கட்கிழமை கையை விரிக்க மாட்டார் என்று நினைப்பது அறியாமை ஆகாது. கடலுக்குப் போகிற ஊர் அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. படகுக்காரர் எஞ்சினைக் கடனாகக் கொடுப்பதும், கருவாட்டு வியாபாரி எழுத்தில்லாமல் முன்பணம் தருவதும், சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் மாதா மாதம் காசு போய்ச் சேர்வதும் ஆளைத் தெரியும் என்ற ஒன்றை வைத்துத்தான். கலகர் போன்றவர்கள் திருடுவது முதலில் இந்த 'ஆளைத் தெரியும்' என்பதைத்தான். பணம் அதன் பின்னால் தானாக வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாதத்துக்குப் பத்து வீதம் என்று அவர் சொல்லவில்லை. ஆண்டுக்கு 5 முதல் 8 வரைதான். ஏமாந்தவர்களைப் பார்த்துப் பேராசை பிடித்தவர்கள் என்று ஊர் சொல்லும் வழக்கமான தீர்ப்பு இந்த வழக்கில் நிற்காது. அவர்கள் கேட்டது பாதுகாப்பு. அதையே அவர் விற்றார்.

வானொலிக்கு இந்தக் கரையில் உள்ள இடம் வேறு. "கொழும்பிலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில்" என்று தொடங்கும் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே எத்தனையோ பேர் படகை இறக்குவதா விடுவதா என்று முடிவெடுத்தார்கள். "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்" என்ற குரலைக் கேட்டுத்தான் செத்தவீட்டுக்குப் போனார்கள். போர்க் காலத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடப்பட்டது என்பதும் காதுவழி வந்த செய்திதான். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, மயில்வாகனம் முதல் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது வரையான குரல்களைப் பாக்கு நீரிணையின் இருபுறத்திலும் வீட்டு மனிதர்களாக ஆக்கியது. முகம் தெரியாத ஒருவரைச் சொந்தக்காரராக ஏற்றுக்கொள்ள அந்தத் தலைமுறை பழகியது வானொலியிடம்தான். காற்றையும் மரணத்தையும் சரியாகச் சொன்ன பெட்டி, அடுத்த அரைமணி நேரத்தில் பணத்தைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர் புதிதாக எதையும் சந்தேகிப்பதில்லை. முன்னால் வந்த நிகழ்ச்சிகள் சம்பாதித்த நம்பிக்கை பின்னால் வருகிறவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த அரைமணியை அவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பது கேட்பவருக்குத் தெரிவதும் இல்லை.

சொந்த மொழி சேரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. லொஸ் ஏஞ்சலிஸில் ஈரானிலிருந்து புலம்பெயர்ந்தவர்களுக்காகப் பாரசீக மொழியில் இயங்கும் வானொலியில் ஜோன் பராஹி என்பவர் தினமும் பொருளாதாரம் பேசினார். நாடு விட்டு வந்தவர்களுக்கு அந்த ஊர் வங்கியின் ஆங்கிலம் புரியாது. பராஹியின் பாரசீகம் புரிந்தது. அரசாங்கம் பின்னால் நின்று காக்கும் கம்பனிக் கடன்பத்திரங்களில் உங்கள் பணம் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டு, பங்குச் சந்தையில் ஊகவணிகம் செய்து அதை இழந்தார். 100க்கும் மேற்பட்டவர்கள், இரண்டு கோடி டொலருக்கும் மேல். 2010இல் வழக்கு வந்தது, 2013இல் பத்து ஆண்டுச் சிறை. மின்னசோட்டாவில் பற் கைலி என்ற இன்னொரு வானொலிக்காரர் உலகப் பொருளாதாரம் நாளை விழப்போகிறது என்று பயமுறுத்தியே நாணயச் சந்தைத் திட்டம் ஒன்றுக்கு ஆள் சேர்த்தார். அந்த மோசடியின் அளவு 19 கோடி டொலர். அவருக்கு 20 ஆண்டு.

பராஹியின் கதை தமிழர்களுக்கு மிக அருகில் இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் தமிழ் வானொலிகள் அகதியாகப் போனவர்களின் தனிமையில் வளர்ந்தவை. அங்கே வீட்டு விற்பனை முகவர்களும் காப்புறுதி முகவர்களும் நேரம் வாங்கிப் பேசுவது வழமை. அவர்களில் பெரும்பாலானோர் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள். ஆனால் நேர்மையானவருக்கும் மற்றவருக்கும் கேட்கிறவரின் காதில் வேறுபாடு இல்லை. இருவரும் ஒரே ஊர்ப் பேச்சில் "அண்ணை, யோசிக்காதையுங்கோ" என்கிறார்கள். அந்த நகரங்களில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைந்தால், தலைமன்னாரில் ஒரு வீட்டின் கூரை வேலை நின்றுபோகிறது.

ஒழுங்குபடுத்திய சந்தையிலும் ஒலிவாங்கி இதே வேலையைச் செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சி.என்.பி.சி. ஆவாஸ் தொலைக்காட்சியின் தொகுப்பாளர் ஹேமந்த் காய்மீது இடைக்கால உத்தரவு போட்டது. அவர் நிகழ்ச்சியில் எந்தப் பங்கை வாங்கச் சொல்லப்போகிறாரோ அந்தப் பங்கைக் குடும்பத்தினரின் கணக்குகள் முதல் நாளே வாங்கி, மறுநாள் விலை ஏறியதும் விற்றன என்பது செபியின் கண்டறிவு. கேட்பவர்களுக்கு அறிவுரையாக வந்தது, சொல்பவருடைய வீட்டில் வியாபாரமாக இருந்தது என்பதே அந்தக் குற்றச்சாட்டின் சாரம்.

இலங்கையில் நிதி நிறுவனமும் வானொலியும் ஒரே வீட்டுக்குள் இருந்ததும் உண்டு. அடகுக் கடையிலும் நகைக் கடையிலும் திரையரங்கிலும் வளர்ந்த ஈ.ஏ.பி. எதிரிசிங்க குழுமத்தை வெள்ளவத்தை சவோய் தியேட்டரால் தமிழர்களும் அறிவார்கள். சுவர்ணவாஹினி தொலைக்காட்சியும், ஸ்ரீ எப்.எம்., ரன் எப்.எம்., ஈ எப்.எம். வானொலிகளும் அந்தக் குழுமத்தில் இருந்தன. பொதுமக்களிடம் வைப்புப் பெற்ற ஈ.டி.ஐ. பினான்சும் அதில்தான் இருந்தது. 2018 ஜனவரியில் மத்திய வங்கி தலையிட்டு, வைப்பை மீளப் பெறுவதைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் ஊடக நிறுவனங்களை விற்று வைப்பாளர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு நடந்தது. 2020 ஜூலையில் ஈ.டி.ஐ.யின் உரிமம் இரத்தானது. இங்கே வானொலியில் யாரும் பொய் சொன்னார்கள் என்பது குறை அல்ல. தினமும் வீட்டுக்குள் ஒலிக்கும் பெயர் ஒன்று வைப்புப் பத்திரத்தின் தலையிலும் அச்சாகியிருந்தால், கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வைப்பாளருக்கு எழாது. அந்த எண்ணம் எழாமல் இருப்பதே இந்தத் தொழிலின் மூலதனம்.

ஈ.டி.ஐ.யில் மத்திய வங்கி தலையிடுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2008இல், இரண்டு பெயர்கள் விழுந்தன. ஆங்கில வகுப்புகளாலும் விளம்பரங்களாலும் நாடெங்கும் பெயர் பெற்றிருந்த சக்விதி ரணசிங்க செப்டெம்பரில் காணாமல் போனார், வைப்பாளர்கள் அலுவலக வாசலில் நின்றார்கள். டிசம்பரில் செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் சரிந்தது. சுமார் 9,000 பேரின் 2,600 கோடி ரூபாய் அதில் சிக்கியது. கடனட்டை என்ற பெயரில் இயங்கிய அந்த நிறுவனத்துக்கு வைப்புப் பெற மத்திய வங்கியின் உரிமம் இல்லை. பீதி செலான் வங்கிக்கும் பரவி, அதன் நிர்வாகத்தை இலங்கை வங்கி ஏற்க வேண்டி வந்தது. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம் இந்த இழப்புகளின் மேல்தான் எழுதப்பட்டது. ஆனால் அவை நடந்த 2008இல் மன்னார்ப் பெருநிலம் போரில் எரிந்துகொண்டிருந்தது. தெற்கு கற்ற பாடம் இங்கே வந்துசேர வழியில்லை.

போர் முடிந்து பாதை திறந்தபின் வங்கிகள் வந்தன, குத்தகைக் கம்பனிகள் வந்தன, நுண்கடன்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். பிறகு 2022 வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே நாளில் தாவியது. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுகிற சிறு படகுக்காரருக்கு அது தொழிலை விடு என்ற கட்டளை மாதிரி. வங்கியில் போட்ட காசு வங்கிக்குள்ளேயே தேய்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களில்தான், டொலரில் தினமும் இலாபம் என்று சொல்லும் செயலிகள் கைத்தொலைபேசிக்குள் நுழைந்தன. பங்களாதேஷிலும் நைஜீரியாவிலும் இலங்கையிலும் பரவிய எம்.டி.எப்.ஈ. செயலி 2023 ஓகஸ்டில் பணத்தோடு மறைந்தது. அதே மாதம் மத்திய வங்கி, வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களை வெளியிட்டது. எம்.டி.எப்.ஈ., ஒன்மெக்ஸ் டி.டி., ஸ்போர்ட்ஸ் செயின் ஆகியவை அதில் இருந்தன.

வானொலி அறிவிப்பாளரின் இடத்தை இப்போது வட்ஸ்அப் குரல் பதிவு பிடித்திருக்கிறது. முறை பழையதுதான். ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில் ஒரே குரல், நடுவில் ஒரு வேதவசனமோ ஒரு துஆவோ, "நேற்று எனக்கு இவ்வளவு வந்தது" என்று சொல்ல ஊரறிந்த ஒருவர். எதிர்த்துக் கேட்டவரை அந்த ஊரறிந்தவரே அடக்கிவிடுவார். அவரும் ஏமாற்றப்படப்போகிறவர் என்பதுதான் இதில் மிகக் கொடியது. திட்டம் விழும்போது குரலுக்கு உரியவர் வேறு நாட்டில் இருக்கிறார். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அந்த ஊரறிந்தவர்தான் ஊரில் இருக்கிறார்.

நிச்சயமில்லாததில் பணம் போடுவது மன்னாருக்குப் புதிதல்ல. இந்தக் கடலின் முத்துக்குளிப்பு முழுக்கவும் அப்படிப்பட்டதுதான். அதில் ஏமாறாமல் இருக்க இந்தக் கரை வைத்திருந்த ஒழுங்குகளை இன்று திரும்பிப் பார்ப்பது நல்லது. முத்துப்பார்களில் குளிப்பு அறிவிக்குமுன் அரசாங்கம் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று அறிவித்தலில் அச்சிட்டு வெளியிட்டது. குளிப்புத் தொடங்கியதும் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி மணலில் ஒரு நகரமே முளைத்தது. சுழியோடிகள் கொண்டுவந்த சிப்பி 'கொட்டு' என்ற வேலியடைத்த முற்றத்தில் எண்ணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு சுழியோடிகளுக்கு, மீதி அரசாங்கத்துக்கு. அன்று மாலையே அரசாங்கப் பங்கு திறக்காத சிப்பியாக ஆயிரக் கணக்கில் ஏலம் போனது. பிற்காலத்தில் எழுத்தாளராக அறியப்பட்ட லெனாட் வூல்ப் 1906இல் மறிச்சுக்கட்டிக் கொட்டில் அதிகாரியாக நின்றவர். சிப்பிக்குள் முத்து இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்பது எல்லோருக்கும் சமமாகத் தெரிந்திருந்தது. மாதிரி மதிப்பு அச்சில் இருந்தது, விலை திறந்த வெளியில் போனது, விற்கிறவர் முத்து நிச்சயம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இதே கரையில் குரலுக்குக் கூலி வாங்கியவர்களும் இருந்தார்கள். சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று நம்பப்பட்ட 'கடல்கட்டி' மந்திரம் சொல்லாமல் சுழியோடிகள் இறங்க மாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இதைப் பதிந்திருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று என்பது அவர் தந்த கணக்கு. இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், களவாக யாரும் குளிக்காமலிருக்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதும்போதும் இந்தப் பரம்பரைப் பதவி அரசாங்கத்தின் ஏற்போடு நடந்தது. அப்போது அந்தக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர் என்றும், மந்திரத்தின் பலத்துக்கு அவருடைய மதம் ஒரு பொருட்டாக எண்ணப்படவில்லை என்றும் அவர் குறித்தார். கடல்கட்டியின் மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பதல்ல இங்கே கேள்வி. அவர் கரையில் நின்றார். அவருக்கு என்ன கூலி என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு சுழியோடியைச் சுறா கடித்தால் அன்றே அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். வானொலியில் நேரம் வாங்கியவரிடமும் குரல் பதிவு அனுப்புகிறவரிடமும் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பெரிய மனிதர்களும் இந்தக் கடலில் ஏமாந்தார்கள், அதுவும் மோசடி எதுவும் இல்லாமலே. 1891க்குப் பிறகு 1903 வரை இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. விலங்கியல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்தார், அறிக்கை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி கிடைத்து அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வந்தது. வரலாறு காணாத அந்த ஆண்டின் சூட்டில், 1906இல், லண்டன் மூலதனத்தோடு வந்த ஒரு முத்துக்குளிப்புக் கம்பனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு 20 ஆண்டு குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. நீரோட்டம் மணலைப் புரட்டும், திருக்கை குஞ்சுச் சிப்பிகளைத் தின்னும், பன்னிரண்டு ஆண்டு ஒன்றுமில்லாமல் போகும் என்பது முசலிக் கரையில் எந்தக் கிழவருக்கும் தெரிந்த செய்தி. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது. நல்ல ஆண்டின் கணக்கை மட்டும் காட்டி இருபது ஆண்டைப் பேசுகிறவரிடம் கெட்ட ஆண்டுகளின் கணக்கையும் கேட்க வேண்டும் என்பதற்கு மன்னாரைவிட வேறு சாட்சி தேவையில்லை.

மத்திய வங்கி தன் கடமையைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் வெளியிடுகிறது, எச்சரிக்கிறது. ஆனால் எச்சரிக்கை ஒரு நாள் பத்திரிகையில் வருகிறது. ஏமாற்றுகிற குரல் தினமும் காலையில் வருகிறது. இந்தப் போட்டியில் எது வெல்லும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எச்சரிக்கைக்கும் ஒரு குரல் வேண்டும், கடல் வானிலை போல நாள் தவறாமல், அதே அலைவரிசையில், எங்கள் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில். மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலும், பூசை முடிந்த அறிவித்தலிலும், ஜும்ஆவுக்குப் பிறகும் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை வாசிக்கலாம். செத்தவீட்டை அறிவிக்கிற ஒலிபெருக்கி இதையும் அறிவிக்கலாம்.

தமிழ் வானொலிகள், இங்கேயும் புலம்பெயர் நாடுகளிலும், ஒன்றைச் செய்தாக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த நேரம் என்றால் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேசுகிறவருக்கு வைப்புப் பெறும் உரிமமோ முதலீட்டு ஆலோசனை உரிமமோ இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் ஒலிவாங்கியைக் கொடுக்க வேண்டும். நேயர்களின் நம்பிக்கை நிலையத்தின் சொத்து, அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் நிலையத்துக்குப் பொறுப்பில் பங்கு உண்டு.

உரிமம் இருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. 2020 மே மாதம் உரிமம் இரத்தான த பினான்ஸ் கம்பனியும், அதே ஆண்டு ஜூலையில் இரத்தான ஈ.டி.ஐ.யும் உரிமம் பெற்றவையே. ஆயினும் உரிமம் பெற்ற வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்த பணத்துக்கு வைப்புக் காப்புறுதி உண்டு, ஒருவருக்கு இன்று 11 இலட்சம் ரூபாய் வரை. செயலியில் போட்ட பணத்துக்கும், குரல் பதிவை நம்பி அனுப்பிய பணத்துக்கும் ஒரு சதமும் இல்லை. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மத்திய வங்கியிடம் இருக்கிறது. 1935 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். பணம் கைமாறுவதற்கு முன் அந்த அழைப்பை எடுங்கள். எடுக்கத் தெரியாத பெற்றோருக்காக, கனடாவிலோ கொழும்பிலோ இருக்கும் பிள்ளைகள் எடுத்துக் கொடுங்கள்.